நெல்லைச் சீமையில் சந்தடியற்ற சாலைகள்: சைக்கிளில் கிளம்பும் புதியவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் புதிதாக சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது மலையைப் பற்றித்தான். எவ்வளவு ஏற்றம், எத்தனை வளைவு, மூச்சு வாங்குமா என்று கேட்பார்கள். காற்றைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்தச் சீமையில் சாலைகள் பெரும்பாலும் சமதளம். கடற்கரையிலிருந்து மேற்கே மலையடிவாரம் வரைக்கும் நிலம் மெல்ல மெல்லத்தான் உயர்கிறது. ஆனியிலும் ஆடியிலும் அதே சமதளத்தில் மேற்கு நோக்கி மிதித்துப் பாருங்கள், மலை ஏறுவதே எளிது என்று சொல்வீர்கள்.

நான் இதைத் தெரிந்துகொண்டது என் முதல் ஆனி மாதத்தில். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் கிளம்பி, இடையில் ஒரு தேநீரோடு, இரண்டரை மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிட்டேன். அத்தனையும் என் கால்களின் வலிமை என்று நம்பினேன். திரும்பும்போது குரும்பூர் தாண்டியதும் முகத்தில் அறைந்தது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. எவ்வளவு மிதித்தாலும் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் தீர்ந்து, தலை சுற்றி, பாலத்தருகே உட்கார்ந்துவிட்டேன். வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சுமை வேன்காரர் ஒருவர் சைக்கிளோடு என்னை ஏற்றிக்கொண்டார். ஆனி மாதம் கிழக்கே போகிறவன் திரும்பி வருவதை யோசித்துவிட்டுத்தான் போகவேண்டும், தம்பி என்றார். அந்த ஒரு வரியைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் விரித்துச் சொல்கிறேன்.

காற்றைப் படிப்பது

மேற்குத் தொடர்ச்சி மலை இந்தச் சீமைக்குச் சுவர்போல நிற்கிறது. அந்தச் சுவரில் இரண்டு வாசல்கள்: வடக்கே செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இரண்டு வாசல்களிலும் நெருக்கிக்கொண்டு புகுந்து, கிழக்கே விரிகிறது. தென்காசி, சுரண்டை, கயத்தாறு பக்கமும், பணகுடி, ராதாபுரம், முப்பந்தல் பக்கமும் காற்றாலைகள் காடாக நிற்பது இதனால்தான். மின்வாரியம் பார்த்து வைத்த காற்று, சைக்கிள்காரருக்கும் அதே காற்றுதான்.

காற்றாலையை ஒரு கைகாட்டி மரமாகப் பயன்படுத்தப் பழகுங்கள். அதன் இறக்கைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றனவோ, காற்று அங்கிருந்து வருகிறது. விடியற்காலையில் அசையாமல் நின்றால் உங்களுக்கு இரண்டு மணி நேரமாவது அமைதி கிடைக்கும். எல்லாம் சேர்ந்து மேற்கைப் பார்த்து வேகமாகச் சுற்றினால், அன்று முதலில் மேற்கே போங்கள். களைக்காத கால்களோடு காற்றை எதிர்த்துவிட்டு, களைத்த கால்களோடு காற்று தள்ள வீடு திரும்புவது என்பதே இந்த மாதங்களின் சட்டம்.

கோடையில், அதாவது மார்ச் முதல் மே வரை, கதை வேறு. விடியலில் நிலத்திலிருந்து கடலுக்கு ஒரு மெல்லிய காற்று போகும். வெயில் ஏறியதும் அது ஓய்ந்து, கடற்காற்று கரையேறி உள்நாட்டுக்கு வரத் தொடங்கும். ஆகவே அந்த நாட்களில் கடலைப் பார்த்துப் போய்விட்டு, அது முதுகைத் தொடும் நேரத்தில் திரும்பலாம். ஆனால் பத்து மணி வெயில் காற்றின் உதவியை மொத்தமாகப் பறித்துக்கொள்ளும். கோடையில் ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

புதியவர்களுக்கு மிக நல்ல காலம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. மழை நின்ற மறுநாள் காலை சாலை கழுவிவிட்டதுபோல இருக்கும், கிளம்பத் தோன்றும். கிளம்புங்கள், ஆனால் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவே என்றாலும், திரும்பிவிடுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணியும் குளங்களும் என்ன செய்தன என்பதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை.

நாட்காட்டியையும் பாருங்கள். இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம். பங்குனி உத்திரத்தன்று இந்தச் சீமையில் குடும்பம் குடும்பமாகத் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். ஆண்டு முழுவதும் ஆடு மட்டுமே நடக்கும் சாலையிலும் அன்று வேன்கள் வரிசை கட்டும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம், காரையாறு பக்கம் போகவே வேண்டாம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் திருச்செந்தூருக்குச் செல்லும் சாலைகளில் இரவும் பகலும் பாதயாத்திரை நடக்கும். அந்தச் சாலை அப்போது அவர்களுடையது. வளர்பிறை முகூர்த்த நாட்களில் வேறு நாளைத் தேடிக்கொள்ளுங்கள்.

வண்டி

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. மெலிந்த டயர் வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். 23, 25 மில்லிமீட்டர் டயரோடு வருகிறவர்கள் நம் கிராமச் சாலையில் ஜல்லி பெயர்ந்த இடத்திலும், வண்ணம் பூசாத வேகத்தடையிலும் அவதிப்படுகிறார்கள். 32 முதல் 38 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர், எட்டு அல்லது ஒன்பது கியர், முன்னும் பின்னும் பிடிக்கும் பிரேக். இவை போதும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டி, ஒரு மாதத்தில் முட்டுவலி என்று நிறுத்திவிடுகிறார்கள்.

வால்வைப் பார்த்து வாங்குங்கள். மோட்டார் சைக்கிளுக்கு இருக்கும் தடித்த வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். மெல்லிய வால்வு என்றால் அதைத் தடித்த வால்வுபோல மாற்றும் பித்தளைத் திருகு ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். இட்டமொழியிலோ நவ்வலடியிலோ நின்றுகொண்டு அதைத் தேட முடியாது.

பையில் இருக்கவேண்டியவை: மாற்று ட்யூப் இரண்டு, ஒட்டுப் பொருட்கள், டயர் நெம்பிகள், கைப்பம்பு, ஒரு சிறிய இடுக்கி. இடுக்கி முள் பிடுங்க. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஹெல்மெட். இவற்றை நான் விவாதிப்பதில்லை.

சாலையைக் கண்டுபிடிப்பது

மதுரை–கன்னியாகுமரி நாற்கரச் சாலை வந்தது சைக்கிள்காரருக்குச் செய்த பெரிய நன்மை, அது கனரக வண்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதுதான். அதில் ஓட்டாதீர்கள். அதற்கு இருபுறமும் ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலைகளில் ஓட்டுங்கள். கைபேசி வரைபடத்தில் மிக மெல்லிய கோடாகத் தெரிகிற, ஆனால் தார் போட்ட சாலைகள் அவை. நல்ல அடையாளம் ஒன்று உண்டு: அந்த வழியில் மினி பஸ்ஸும், ஒரு நாளைக்குச் சில நடை டவுன் பஸ்ஸும் மட்டும் போகிறதா? அப்படியென்றால் தார் இருக்கும், டீக்கடை இருக்கும், லாரி இருக்காது.

கெட்ட அடையாளம், கல்குவாரி. வரைபடத்தில் அருகே வெட்டப்பட்ட குழிகளும் வெளிறிய நிலமும் தெரிந்தால், அந்த ஊர்ச் சாலையில் டிப்பர் லாரிகள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை குறையலாம், மற்ற நாட்களில் வேண்டாம். செங்கோட்டையைத் தாண்டி புளியரை எஸ் வளைவு வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலை அழகானது, படம் பார்த்துப் பலரும் ஆசைப்படுகிறார்கள். கேரளத்துக்குப் போகும் சரக்கு வண்டிகள் மூச்சு முட்டி ஏறும் சாலை அது. புதியவர்களுக்கு அங்கே இடமில்லை.

தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரைகள் தனிச் செல்வம். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால். சில இடங்களில் கரையோடு தார்ச்சாலை ஓடும், சில இடங்களில் செம்மண். மருதமும் தென்னையும் நிழல் தர, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். வேகமாக ஓட்டும் இடம் இல்லை. குளிக்கப் போகிறவர்களும் துவைக்கப் போகிறவர்களும் நடப்பார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் நஷ்டமில்லை.

முதல் நான்கு பயணங்கள்

நான் புதியவர்களை அழைத்துப் போகும் வரிசையைச் சொல்கிறேன். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. சைக்கிளுக்கு இன்னும் இது ஒரே சீமைதான்.

முதல் வாரம், வீரவநல்லூரிலிருந்து திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடம். போக வர ஒரு காலைப்பொழுது கூட ஆகாது, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றங்கரை மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதால் 2005இல் இந்த ஊர் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே மாடம் மாடமாக ஓவியங்களும் மரச்சிற்பங்களும் உண்டு. இந்தப் பயணத்தில் கற்கவேண்டியது ஒன்றுதான்: கியரைக் கனமாக வைத்து அமுக்கி மிதிக்காமல், இலேசாக வைத்து வேகமாகச் சுற்றுவது. காலில் வலி தெரியாமல் மூச்சு மட்டும் சற்று ஏறினால் சரியாக ஓட்டுகிறீர்கள்.

இரண்டாவது, கூந்தன்குளம். பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக 35 கிலோமீட்டர் அளவு. போய்த் திரும்பினால் எழுபது. அது அதிகம் என்று தோன்றினால் மூலைக்கரைப்பட்டி வரை வண்டியில் சைக்கிளை ஏற்றிச் சென்று அங்கிருந்து தொடங்குங்கள். 1994 முதல் சரணாலயம், இப்போது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. தை, மாசியில் போனால் குளத்தில் பூநாரையும் கூழைக்கடாவும், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் பார்க்கலாம். ஊருக்கும் சரணாலயத்துக்கும் நடுவே வேலி இல்லை என்பதே இதன் சிறப்பு. மஞ்சள் மூக்கு நாரை வீட்டு முற்றத்து மரத்தில் குஞ்சு பொரிக்கும். ஊர் மக்கள் அதை அதிர்ஷ்டமாக நினைக்கிறார்கள், பறவை எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் அவர்கள் வயலுக்கு உரம். ஊருக்குள் மணியடிக்காமல், பேச்சைக் குறைத்து ஓட்டுங்கள். இந்த வழி திறந்த வெளி, காற்றைப் படிக்கும் பாடம் இங்கேதான் உடம்பில் ஏறும்.

மூன்றாவது கடற்கரை. திசையன்விளையிலிருந்து உவரிக்கு இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தென்மேற்கே நவ்வலடி நோக்கிப் போங்கள். போதும் என்று தோன்றும் இடத்தில் திரும்புங்கள். செக்கச்சிவந்த தேரி மணல், பனைகள், மணல் மேட்டுக்கு அப்பால் திடீரென நீலம். கண்ணுக்கு இதைவிட நல்ல சாலை இந்தச் சீமையில் இல்லை என்பது என் கருத்து. நிழலும் கிடையாது. கடைகள் ஊர்களில் மட்டுமே உண்டு, ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். ஆகவே இரண்டு பாட்டில் நிறையத் தண்ணீர் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடியுங்கள். ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக்கொள்வது நல்லது. பங்குனி, சித்திரையில் பனையேறிகள் காலையில் பதனீர் இறக்குவார்கள், சாலையோரம் பனை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடிக்கலாம்.

காற்று வலுத்த நாட்களில் தேரி மணல் சாலைமேல் படிந்திருக்கும். பார்க்கத் தூசு போலத் தெரியும், முன்சக்கரம் ஏறியதும் வழுக்கும். அதில் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள், நேராக உருள விடுங்கள். கடற்கரை ஊர்களில் ஞாயிறு காலை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. தெருவும் கோயில் முன்பும் நிறைந்திருக்கும், அங்கே நடை வேகம் போதும். கூடங்குளம் அணுமின் நிலையம் நெருங்கும் பகுதியில் கேமராவை எடுக்காமல் கடந்து செல்லுங்கள்.

நான்காவது, மலையடிவாரம். களக்காட்டிலிருந்து திருக்குறுங்குடி வரை நிதானமாகப் போனாலும் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடலாம். வலப்பக்கம் மலை, இடப்பக்கம் வாழைத் தோட்டங்கள். ஏத்தன் பழம் (நேந்திரம் வாழை) ஒரு சீப்பு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், சைக்கிள்காரருக்கு அதைவிட நல்ல உணவை எந்தக் கம்பெனியும் பொட்டலம் போடவில்லை. நம்பி கோயில் வாசலில் நிழலில் சாப்பிட்டுவிட்டு வெயிலுக்கு முன் திரும்பலாம்.

மலை ஏறுவது

நான்கு பயணமும் முடிந்த பிறகுதான் ஏற்றம். ஆழ்வார்குறிச்சியிலிருந்து சிவசைலம் வழியாகக் கடனாநதி அணைக்குப் போகும் சாலையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய ஏற்றம், ஏறி முடித்ததும் அணையும் அதன் பின்னால் மலையும். ஏற்றம் தெரிவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி ஏறிய பிறகு கனத்தோடு மாற்றினால் செயின் நழுவும். இறங்கும்போது வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். அமுக்கிக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும், கையும் மரத்துப்போகும்.

அடிவாரச் சாலைகளில் பொழுது நன்றாக விடிந்த பிறகுதான் ஓட்டவேண்டும். மற்ற இடங்களில் ஐந்தரைக்குக் கிளம்பச் சொல்லும் நானே இங்கே ஆறரைக்கு முன் வேண்டாம் என்கிறேன். கடையம், சிவசைலம், பாபநாசம், களக்காடு ஓரங்களில் கரடியும் சிறுத்தையும் இருட்டில் ஊர் ஓரம் வரை வருகின்றன. சைக்கிள் சத்தமில்லாத வண்டி. வளைவில் கரடி நம்மைப் பார்த்துத் திடுக்கிடுவதுதான் ஆபத்து. மாலை ஐந்துக்குள் அடிவாரத்தை விட்டு வந்துவிடுங்கள்.

மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலைச் சாலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 1988இல் அமைந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. சோதனைச் சாவடிக்கு அப்பால் வனத்துறையின் அனுமதியில்லாமல் ஒரு சக்கரம்கூட உருளக் கூடாது. அவர்கள் இல்லை என்றால் இல்லைதான். அங்கே நின்று வாதாடுகிறவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கிறது, அந்தக் காடு மிச்சமிருப்பதால்தான் கீழே ஆறு ஓடுகிறது, நாம் கால்வாய்க் கரையில் நிழலில் ஓட்டுகிறோம்.

வழியில்

பஞ்சருக்குக் காரணம் பத்தில் ஒன்பது முறை சீமைக்கருவேல முள். சாலையோரத்தை வெட்டிச் சுத்தம் செய்த மறுவாரம் மிக மோசம், காய்ந்த முள் தார் முழுவதும் சிதறிக் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே ஓட்டுங்கள். பஞ்சர் ஆனால் அவசரப்பட்டுப் புது ட்யூபைப் போடாதீர்கள். டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் முள்நுனி அடுத்த ட்யூபையும் ஐந்து நிமிடத்தில் குத்திவிடும்.

கார் பருவ நெல் அறுவடையிலும், அதைவிடப் பெரிதாகப் பிசானப் பருவ அறுவடையிலும் சாலையில் நெல் காயும். பாதிச் சாலை பொன்னிறமாக இருக்கும். அதன் மேல் ஏறாதீர்கள். சக்கரம் வழுக்கும் என்பது ஒரு காரணம். ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பு அது என்பது எனக்குப் பெரிய காரணம். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால், கால் வைத்து நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கும் அம்மா நிமிர்ந்து சிரிப்பார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். நின்று பதில் சொல்லுங்கள்.

நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்ட வேண்டாம். மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, சைக்கிளை இடையில் வைத்து நடங்கள், பெரும்பாலும் சலித்துத் திரும்பிவிடும். ஆட்டுமந்தை வந்தால் நின்றுவிடுங்கள், மந்தையை மேய்க்கும் கீதாரி வழி விட்டுத் தருவார். மயில் மட்டும் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. வேலியோரம் ஒன்று தெரிந்தால் பின்னால் இன்னும் இரண்டு இருக்கும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

வழி தெரியாவிட்டால் டீக்கடையில் கேளுங்கள். அண்ணாச்சி என்று அழைத்துக் கேட்டால் வரைபடத்தில் இல்லாத கால்வாய்க் கரை ஒன்று கிடைக்கும். குளம் உடைந்த சாலை எது, புதிதாக ஜல்லி கொட்டிய சாலை எது என்பதும் அங்கேதான் தெரியும். தனியாக ஓட்டுகிற பெண்களுக்கு என் யோசனை, முதல் சில முறை அறிந்த இன்னொருவரோடு அதே பாதையில் போய், கடைக்காரர்களுக்கு முகம் பழக்கமான பிறகு தனியே போவது. என் தங்கை அப்படித்தான் தொடங்கினாள், இப்போது திருப்புடைமருதூர்ப் பாதையில் என்னைவிட அவளைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும்.

வீடு திரும்பியதும்

கடற்கரைப் பயணம் என்றால் அன்றே நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவுங்கள். மறுநாள் வரை விட்டால் உப்பு செயினிலும் திருகாணிகளிலும் துருவாக ஏறியிருக்கும். வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும். சக்கரத்தின் அச்சில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். வெயிலில் கால் மணி நேரம் நிறுத்தி, செயின் நன்றாக உலர்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். ஒட்டும் எண்ணெயில் தேரி மணல் பிடித்தால் அது செயினை அரம்போல ராவும்.

பிறகு இரண்டு டயரையும் ஒரு சுற்று மெதுவாகச் சுழற்றி, ரப்பரில் பதிந்த முட்களை இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். இன்றைக்கு உள்ளே இறங்காத முள், அடுத்த ஞாயிறு பாதி வழியில் இறங்கும்.